ஆணியால் குத்திய துளை

எடைமேடையில் எனக்கு வேலை.
கம்பளி மூட்டைகளோடு லாரிகள் ஏறி நிற்கும்,
எண்ணைப் படிப்பேன், சீட்டைக் கிழித்துக் கொடுப்பேன்.
புன்தா அரேனாஸ் துறைமுகத்தில் பதினேழு வருடம்;
எண் என்னிடம் பொய் சொன்னதில்லை.

சுபாஸ்கோவின் காது நுனியில் எடுத்த
ஒரு சொட்டு ரத்தம் மட்டும்
நானூற்றுப் பன்னிரண்டு என்கிறது,
ஊசி போட்டு ஆறு மணி நேரம் கழித்தும்.

காலை ஏழு. மாலை ஏழு.
இரண்டு யூனிட்டில் தொடங்கினோம்.
நாலு. ஆறு. ஒன்பது.
டாக்டர் இதுர்ரா ஒவ்வொரு முறையும்
பேனாவால் மேசையைத் தட்டி
"கொஞ்சம் கூட்டிப் பார்ப்போம்" என்பார்,
உப்புப் போதாத சூப்பைப் பற்றிச் சொல்வதுபோல.

முதலில் மருந்தைச் சந்தேகித்தேன்.
குளிர்பெட்டியின் பின்சுவரில் ஒட்டி உறைந்திருக்குமோ?
புதுக் குப்பி வாங்கினேன்,
பல் கட்ட வைத்திருந்த காசு அதில் போயிற்று.
பிறகு உணவை.
பிறகு மேல்வீட்டு ஒரியானாவை:
எனக்குத் தெரியாமல் மீன்தலை போடுகிறாயா என்று
படியில் மறித்துக் கேட்டேவிட்டேன்.
அவள் ஒன்றும் சொல்லாமல் கதவைச் சாத்தினாள்.
மறுநாள் என் வாசலில் ஒரு பொட்டலம்,
செத்துப்போன அவள் அம்மாவுக்கு வாங்கி
மீந்த ஊசிகள்.
என் மருந்தின் அளவுக்கு அவை பொருந்தாது.
ஆனாலும் எடுத்து வைத்தேன்.

கடைசியாக என் கையை.
தோலை மடித்துக் குத்துகையில்
மறுபக்கம் வழியே வந்து மயிரில் வடிந்துவிடுகிறதோ?
இன்சுலினுக்கு ஒரு வாசனை உண்டு,
பள்ளிக்கூடத்தில் முழங்காலுக்குப் போட்ட பிளாஸ்திரி வாசனை.
குனிந்து முகர்ந்தேன்.
வெறும் பூனைதான் மணந்தது.

டிசம்பரில் இங்கே காற்று ஆளைத் தள்ளும்;
தெருமுனைகளில் கயிறு கட்டியிருப்பார்கள், பிடித்து நடக்க.
கூடையை நெஞ்சோடு அணைத்து
மறுகையால் கயிற்றைப் பற்றிப் போனேன்.
இதுர்ரா விடுப்பில்.
அவர் நாற்காலியில் ஆட்டுப்பண்ணைகளுக்குப் போய்வரும் ஜோவிதா,
பூட்ஸில் சாணம் காய்ந்திருந்தது.
எண் எழுதிய நோட்டை நீட்டினேன், மூடி வைத்தாள்.
சுபாஸ்கோவின் முன்னங்காலை உள்ளங்கையில் ஏந்தி
வெகுநேரம் பார்த்தாள்.
"கழுத்துப்பட்டையை எப்போதாவது தளர்த்தினீர்களா?"

தளர்த்தினேன்.
ஏப்ரலில், ஆணியை அடுப்பில் காய்ச்சி
புதுத் துளை ஒன்று. ஜூனில் இன்னொன்று.
தம்பி அன்செல்மோவைத் தொலைபேசியில் கூப்பிட்டு
"உடம்பு தேறுகிறதடா" என்றேன்.
அன்றிரவு தட்டில் ஒரு துண்டு மீன் கூடுதல்.

பழைய படம் இருக்கிறதா என்றாள்.
செல்பேசியில் எடைமேடை ஜன்னல்,
அதில் உளிபோல ஒடுங்கிய முகம், சின்னக் கால்கள்.
மேசைமேல் கரடிக்குட்டியின் தாடை,
இரவல் காலணிபோல் பாதங்கள்.
தினம் பார்த்த கண் நான்.

மூளைக்கு அடியில் பயறளவு ஏதோ இருக்கலாம், என்றாள்.
வளர் வளர் என்று அது ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும்.
நீங்கள் போடுகிற மருந்தைக் காதில் வாங்காது.
ரத்தம் சாந்தியாகோவுக்குப் போகவேண்டும்.
சிகிச்சை என்றால் பூனையும் போகவேண்டும்.
விலை சொன்னாள்.
லாரி எடையைக் கேட்கும் முகத்தோடு கேட்டுக்கொண்டேன்.

"நான் ஊசி போட்டதெல்லாம் சரியா?"
"போட்டுக் காட்டுங்கள்."
காட்டினேன்.
"சரிதான்."
அதற்குத்தான் அழுதேன், விலைக்கு அல்ல.

இப்போது பன்னிரண்டு யூனிட்.
ரத்தம் விமானத்தில் போயிருக்கிறது.
ஒரியானாவின் கதவைத் தட்டவேண்டும்;
திறந்தால் என்ன சொல்வது,
இரண்டு முறை பாதிப்படி ஏறித் திரும்பிவிட்டேன்.
சுபாஸ்கோ தட்டை வழித்து நக்கிவிட்டு
இன்னும் கொண்டா என்று பார்க்கிறது.
பட்டையைக் கழற்றி ஜன்னலில் வைத்தேன்.
கழுத்தைச் சுற்றி
அது இருந்த இடத்தில் மயிர் இன்னும் படிந்தே இருக்கிறது.