இருக்கைக்குக் கீழே

டொல்பின் வேனில் எஞ்சின் முன்னுக்கு இல்லை.
அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறேன், பதினோரு வருசம்.
சித்திரை வெயிலில் தொடை வேகும்.
மார்கழி மழையில், உவர்மலை ஏற்றத்தில்
அந்தச் சூடு ஒன்றுதான் எனக்கு.

போன மாசம் ஓயில் பார்க்கிற கம்பியை இழுத்தேன்.
கம்பியோடு புகையும் எழும்பி வந்தது,
சொல்லாமல் வந்து நிற்கிற சொந்தக்காரர் மாதிரி.
"கொம்பிரசன் போட்டுது அக்கா" என்றான்
டீசல் அடிக்கிற பொடியன்.
அவனுக்கே தெரிகிறது.

பதினாலு பிள்ளைகள். பாலையூற்றில் ஏற்றி
மூன்று பள்ளிக்கூடத்தில் இறக்க வேண்டும், ஏழேகாலுக்குள்.
புது வேனுக்கு வங்கி கேட்கிற கடதாசிகளில்
பாதி என் பெயரில் இல்லை.
எஞ்சினை மாற்றலாம்.
டூ எல்லை இறக்கிப்போட்டு ஃபைவ் எல் ஏற்றலாம்.
யார் ஏற்றுவது என்பதில்தான்
நித்திரை போனது.

அனுராதபுரச் சந்தியில் தவநேசன்
என் தோளுக்குப் பின்னால் பார்த்து
"அவர் வரேல்லையோ?" என்றார்.
எவர் என்றேன்.
டர்போ போட்டுத் தருவாராம். பறக்குமாம்.
பஸ் ஸ்டாண்ட் பக்கம் மான் குறுக்கே நடக்கிற ஊரில்
எனக்குப் பறக்க வேண்டாம்,
நிற்க வேண்டும்.

சீனன்குடாவில் இன்னொருவர்
விலையை உள்ளங்கையில் எழுதிக் காட்டினார்.
வாய்விட்டுச் சொல்ல ஏலாத அளவுக்கு மலிவு.
பேசிக்கொண்டிருக்கையில் வியர்வையில் ஒரு சைபர் அழிந்து
இன்னும் மலிவானது.

சுனிமல், அபயபுரவில்.
தமிழ் அரைவாசி, மிச்சத்தைக் கையால் பேசுவார்.
வேனைப் பார்க்க முதல் புத்தகத்தைக் கேட்டார்.
எஞ்சின் நம்பர் மாறினால் பதிய வேண்டும்,
இல்லாட்டில் நாளைக்கு விற்கவும் ஏலாது.
பிறகு சீட்டைத் தூக்கி, டோர்ச் பிடித்து
கனநேரம் பேசாமல் இருந்தார்.
இதுமாதிரி எத்தனை மாற்றியிருக்கிறீர்கள்?
நாலு.
பிறகு தன் விரல்களைப் பார்த்து,
"ஒண்டு திரும்பி வந்தது."
அந்த ஒன்றின் விலாசத்தைத் தாங்கோ என்றேன்.
சிரிக்கவில்லை. எழுதித் தந்தார்.

கிண்ணியாப் பாலம் தாண்டிப் போனேன்.
ஜவ்பர் நானாவின் மீன் வேன்.
பெயரைச் சொன்னதும் ஏசத் தொடங்கினார்.
ஹபரணைக் காட்டுக்குள், ராவு ரெண்டு மணிக்கு
மவுண்ட் உடைஞ்சு எஞ்சின் சரிஞ்சு
ஃபேன் போய் ரேடியேட்டரைக் கிழிச்சதாம்.
பாரை மீன் நூத்துச் சொச்சம் கிலோ, ஐஸ் எல்லாம் தண்ணி,
அதுக்குள்ள ஆனை வேற.
தேத்தண்ணி வந்தது. குடித்துக்கொண்டே ஏசினார்.
ரேடியேட்டரை ஆர் மாத்தினது நானா?
"அவன்தான்."
எங்கே வைத்து?
"அங்கயேதான், காட்டுக்குள்ள. விடிய நாலரைக்கு
மோட்டார் சைக்கிள்ல ரேடியேட்டரைக் கட்டிக்கிட்டு வந்தான்."
சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து
மறுபடியும் ஏசினார்.

திரும்பி வரும்போது பாலத்தில் காற்று.
காடும் ஆனையும் நினைவில் இல்லை எனக்கு,
மவுண்ட்தான் நின்றது.
அபயபுரவுக்கே விட்டேன்.
மவுண்ட் மூன்றும் புதுசு, வெல்டிங் பிடிக்கும்போது
நானும் நிற்பேன் என்றேன்.
"கண் கூசும்" என்றார்.
கூசட்டும்.

நேற்றுப் பழசு செயின் புளொக்கில் தொங்கியது,
நான் நினைத்ததைவிடச் சின்னதாக.
என் இருக்கைக்குக் கீழே சதுரமாய் ஒரு வெளி,
அதனூடாக நிலம், நிலத்தில் ஓயில்,
ஓயிலைச் சுற்றிக் கால் வைத்துப் போகிற பூனை.
பத்து நாள் என்கிறார் சுனிமல்.
தாய்மாருக்குப் பதினைந்து என்று சொல்லிவிட்டேன்.

பஞ்சிகாவத்தையிலிருந்து வந்த எஞ்சினின் நம்பரை
தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்துத் தந்தார்.
கைப்பையில் இருக்கிறது.
கடைசி இலக்கம்
ஒன்றா ஏழா என்று விளங்கவில்லை.
காலையில் போய்க் கேட்க வேண்டும்.