நான்காம் இடம்

மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை,
மழை பெய்தாலும்
என்று விதி எழுதிக்கொண்டோம்.
மோனஹனில் அதற்குப் பெயர் விதி அல்ல,
வானிலை.

ரசா நீரோட்டத்துக்கு எதிராக வலையை ஊன்றுவாள்,
காளான் பண்ணையில் இரவு வேலை முடித்து
நேராக வந்தவள்.
வலைக்கு முன்னால் நின்று ஈதா மகார்டில்
இரண்டு நிமிடம் ஓடையின் தரையை உதைப்பாள்.
அறுபத்தொன்பது வயது, உலோக இடுப்பு.
"இதற்குத்தானே மாற்றிக்கொண்டேன்" என்பாள்.
நான் கடிகாரம். நான் பென்சில். நான் படிவம்.

வெள்ளைத் தட்டில் கலங்கல் அடங்கக் காத்திருப்போம்.
இலைத்துணுக்கு என்று நினைத்தது நடக்கும்.
மணல் என்று நினைத்தது தலை நீட்டும்.
வால் இரண்டென்றால் ஸ்டோன்ஃப்ளை,
மூன்றென்றால் மேஃப்ளை.
வாலை எண்ணினால் போதும்,
தண்ணீர் தன்னைச் சொல்லிவிடும்.

முதல் மூன்று இடங்களில் வால்கள் உண்டு.
நான்காம் இடத்தில்
சாம்பல் நிறத் தண்ணீர்ப் பேன் மட்டும்;
அழுகல் அதற்குப் பந்தி.
அக்டோபரில் நாற்பது, நவம்பரில் அறுபத்திரண்டு,
டிசம்பரில் விரல் விறைத்து "நிறைய" என்று எழுதினேன்.
ஈதா அழித்தாள்:
"நிறைய என்பது ஓர் எண்ணா?"

மேட்டில் பாட்ஸி ட்ரெய்னரின் மாட்டுக் கொட்டகை.
யாரும் பெயர் சொல்லவில்லை.
ஆறு கண்களும் தட்டிலிருந்து எழுந்து
நேரே மேட்டுக்குப் போயின, அவ்வளவுதான்.
கடை வரிசையில் அவன் எனக்குப் பின்னால் நின்றபோது
பால் அட்டைப்பெட்டியின் சின்ன எழுத்தெல்லாம்
படித்து முடித்தேன்.

பிப்ரவரியில், கையும் களவுமாகப் பிடிக்க,
அவன் வேலியிலிருந்தே தொடங்கினோம்.
கடத்துமானியை இருபது அடிக்கொரு முறை முக்கினோம்.
வேலிக்கு மேலே இருநூற்றுப் பத்து.
கொட்டகைக்கு நேரே இருநூற்றுப் பதின்மூன்று.
அதைத் தாண்டி, வெகுதூரம் தாண்டி, இருநூற்றுப் பன்னிரண்டு.
ரசா மானியைத் தட்டிப் பார்த்தாள்.
ஆல்டர் மரத்துக்குக் கீழே
ஐந்நூற்றுத் தொண்ணூறு.

முட்புதருக்குள் ஒரு மண்குழாய்.
வாயெல்லாம் பஞ்சுபோல் பூஞ்சை.
அது வந்த திசையில் தலை தூக்கினோம்:
பங்குக் கூடம்.
தாழ்ந்த கூரை, பச்சைக் கதவு,
கதவில் எங்கள் குழுவின் அறிவிப்பு.
ஒவ்வொரு சனிக்கிழமையும் தட்டுகளைக் கழுவி,
கெட்டில் வைத்து,
பாட்ஸியைப் பற்றிப் பேசாமல் பேசி,
ஒருவர் பின் ஒருவராகப் போய்ச்
சங்கிலியை இழுத்துவிட்டு வந்த இடம்.

யாரோ சிரித்தார்கள். நானாக இருக்கலாம்.
பழி ஓரிடம் போய்க் குளிரில் நின்றிருந்தது,
பாவம் உள்ளே உட்கார்ந்து பிஸ்கட் நனைத்துக்கொண்டிருந்தது.

"இதை எப்படிப் பதிவது?"
"அப்படியே" என்றாள் ஈதா.
படிவத்தில் 'மூலம்' என்றொரு கட்டம்.
'நாங்கள்' என்று எழுத
இடம் இருந்தது.

தொட்டியைத் தோண்ட இயந்திரம் வேண்டும்,
பக்கத்தில் அது பாட்ஸியிடம்தான்.
வந்தான், தோண்டினான், காசு வாங்க மறுத்தான்.
ஏணிப்படியில் கால் வைத்தபடி கேட்டான்:
"என் வேலியோரம் நடந்தீர்களே, எவ்வளவு வந்தது?"
"இருநூற்றுப் பதின்மூன்று."
அந்த எண்ணை
மடித்துச் சட்டைப்பையில் வைப்பவன்போல்
தலையசைத்துவிட்டுப் போனான்.
மன்னிப்பு என் வாயில் இருந்தது, இயந்திரச் சத்தம் பெரிதாக இருந்தது.

ஏப்ரல். தேநீர் இப்போது ஃபிளாஸ்கில் வருகிறது.
நான்காம் இடத்துத் தட்டில்
பேன் முப்பத்தெட்டு.
வால், சுழியம்.
"இன்னும் ஒரு நிமிடம்" என்றாள் ரசா.
மூவரும் குனிந்து நின்றோம், மழை எங்கள் முதுகில்.
ஓரத்தில் ஏதோ அசைந்தது.

இலைதான்.

சுழியத்தை அழுத்தி எழுதினேன்.
பென்சில் முனை உடைந்தது.