முப்பத்தெட்டு நிமிடம்

நாவலில் அது மூன்றே வரி.
நிலவில்லாத இரவு, ஏழு பேர்.
கடைசி ஆள் கோட்டைக் கதவை வெளியிலிருந்து பூட்டி
சாவியைச் சுனையில் போட்டான்.
அடுத்த அத்தியாயத்தில் பத்து வருடம் போயிருக்கும்,
கதவிடுக்கில் ஆவாரை பூத்திருக்கும்.

படத்தில் முப்பத்தெட்டு நிமிடம்.

மேலூர் தாண்டிக் கைவிட்ட கிரானைட் குவாரி.
படிப்படியாய் அறுத்த பாறையைப் பார்த்ததும்
"பாதிக் கோட்டை ரெடியா இருக்கே" என்றார் கலை இயக்குநர்.
மீதிப் பாதிக்குப் பச்சைத் துணி.
ஏழு பேர் முந்நூறானார்கள்,
கம்ப்யூட்டர் அதை முப்பதாயிரம் ஆக்கும்.
இரவு பகலானது:
செலவழித்தது தெரிய வேண்டாமா என்றார் தயாரிப்பாளர்.

எனக்கு ரத்தக் கணக்கு.
யார் நெற்றியில் எந்தப் பக்கம் வழிந்தது,
மதியச் சோற்றுக்குப் பிறகும் அதே பக்கம்தானா,
போட்டோ வைத்துச் சரிபார்க்கும் உதவி இயக்குநர்.
நாவலைப் படித்த ஒரே ஆள் என்பதால்
பேரே பொஸ்தகம் ஆகிவிட்டது.
"ஏ பொஸ்தகம், அந்தாளு காதுல ரத்தம் காஞ்சிருச்சு பாரு."

அந்தாள் சோணைமுத்து.
நாளைக்கு அறுநூறு, சாவுக்குத் தனியாக நூறு.
பதினொரு தடவை செத்தார்.
முதல் சாவில் ரொம்பத் துடித்து
ஹீரோவை மறைத்துவிட்டார், திட்டு விழுந்தது.
நாலாவதிலிருந்து சுருக்கமாக,
நிழல் விழுகிற இடமாகப் பார்த்துச் செத்தார்.

மூங்கில் கழி நுனியில் ஒரு டென்னிஸ் பந்து.
அதுதான் யாளியின் கண்.
பயப்படுங்க என்றது மெகாபோன்.
முந்நூறு பேர் பந்துக்குப் பயந்தார்கள்.
"உங்க மலைய்யா இது! விட மாட்டோம்னு மூஞ்சில வரணும்!"
சோணைமுத்து திரும்பிப் பச்சைத் துணியைப் பார்த்தார்.
எந்த மலைங்க, என்று கேட்டார்.
எல்லோரும் சிரித்தோம்.
சாயங்காலம்
பருத்திப்பால் டம்ளரின் அடியில் தங்கிய வெல்லத்தை
விரலால் வழித்துக்கொண்டே சொன்னார்:
அந்தத் துணி கட்டியிருக்கிற இடத்தில்தான் ஆறு வருஷம்
ஜாக்ஹாமர் பிடித்தாராம்.
"நானுந்தேன் அறுத்தேன். கூலி நல்லாருந்துச்சு."
அவ்வளவுதான். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

பதினாறாம் நாள், வெளிச்சம் போகிற நேரம்,
நச்சரிப்புத் தாங்காமல் எனக்கொரு ஷாட் கொடுத்தார்கள்.
பூட்டு, சாவி, ஒரு கை.
ஹீரோ கேரவனில் இருந்தார்.
சோணைமுத்துவிடம் கையைக் கேட்டேன்.
கட்டைவிரல் நகம் எப்போதோ நசுங்கிக் கறுத்த கை.
பூட்டினார்; இழுத்தும் பார்த்தார், நான் சொல்லாமலே.
பிறகு குவாரித் தண்ணீரில் எறிந்தார்.
ஆழம் அதிகம், கீழே விழுந்த சத்தம்
மேலே வந்துசேர நேரமானது.
அதுவரை யாரும் கட் சொல்லவில்லை.

மாட்டுத்தாவணிப் பக்கத்துத் தியேட்டர், இரண்டாம் ஆட்டம்.
கடைசி ஆள் தனியாக நிற்கிறான்.
மழை. பறை. அம்மா ஞாபகம். திரும்பவும் மழை.
அம்புகள் மெதுவாக, மிக மெதுவாக வந்து
அவனைத் தொடாமல் போகின்றன.
சாகவில்லை. இரண்டாம் பாகம் இருக்கிறது.
கூரை பிய்கிற விசில்.
பூட்டும் இல்லை, சாவியும் இல்லை.
பக்கத்து சீட்டில் சோணைமுத்து
தன் சாவுகளை விரல்விட்டு எண்ணினார்,
இரண்டு தேறியது.
அப்போது திரையில், அவனுக்குப் பின்னால்,
மலை முழுசாக எழுந்தது மேகம் உரச.
முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார்.
"தெக்க ஒரு குமிழு இருக்கும்.
விட்டுட்டாய்ங்க."

பாக்கிச் சம்பளம் அதற்கும் அப்புறம்தான் வந்தது.
கழிவு: பித்தளைச் சாவி ஒன்று, ஆயிரத்து எண்ணூறு.
காரணம் என்ற கட்டத்தில்
தொலைந்தது என்று எழுதியிருந்தார்கள்.
அதை அடித்துவிட்டு
போட்டது என்று எழுதி
கையெழுத்துப் போட்டேன்.