கசிவு

பதினேழாம் கேள்விக்கு இரண்டு பெட்டிகள்.
எந்தவொரு வேலையிலிருந்தாவது நிறுத்தப்பட்டுள்ளீரா?
'இல்லை'க்குள் சரி போட்டேன்.
பேனையை அழுத்தக்கூட வேண்டியிருக்கவில்லை.

பன்னிரண்டில் பயமில்லை.
இயக்கத்தில் ஒரு வருடம் எட்டு மாதம்,
பிறகு பூந்தோட்டத்தில் தடுப்பு,
விடுவித்த கடிதம் இணைப்பு மூன்று.
ஊருக்கே தெரிந்ததை எழுதத்
தைரியம் எதற்கு?

ஒட்டுசுட்டானுக்கு அப்பால் கல்குவாரி.
வெடிமருந்துக் களஞ்சியத்துக்கு ஆள் வேண்டும்.
இரண்டு பூட்டு, ஒரு பதிவேடு,
வந்த குச்சி, போன குச்சி, மிச்சக் குச்சி.
கொழும்பு அனுமதி தந்தால்
மாதம் அறுபத்தெட்டாயிரம்.
கணக்கில் நான் கெட்டிக்காரி.
அதுதான் சிக்கலே.

பாதை பூட்டிக் கிடந்த காலம்
சங்கக் கிளையின் மண்ணெண்ணெய்ப் பீப்பா என் பொறுப்பில்.
கால் போத்தலுக்குக் காலை நாலு மணிக்கே வரிசை.
பதினொரு லீற்றர் ஓர் இரவில் போனது.
ஆருக்கென்று இங்கேயும் எழுதமாட்டேன்.
பதிவேட்டில் ஒற்றைச் சொல் எழுதினேன்:
கசிவு.
முகாமையாளர் பீப்பாவின் அடியைத் தடவிப் பார்த்தார்.
விரல் காய்ந்திருந்தது.
அளந்து ஊற்றுகிற பொடியன் கனகேந்திரனை
அன்று பின்னேரமே நிறுத்தினார்கள்.
என்னை அடுத்த மாதம்.
இடையில் கிடந்த முப்பது நாளும்
நான் வாய் திறக்கவில்லை.

உறவல்லாத இருவரின் பெயர் கேட்டார்கள்.
ஒருவர் போதகர்.
மற்றது, வேறு ஆளில்லாமல், கனகேந்திரன்.
இப்போது உழவு இயந்திரம் வைத்திருக்கிறான்.
மணல் ஏற்றும் அனுமதிக்கு
அவனும் எழுதிப்போட்டுக் காத்திருக்கிறான்.
"போடுங்கோ அக்கா" என்றான்.
வேறொன்றும் கேட்கவில்லை.

முல்லைத்தீவில் விசாரணை.
அதிகாரி, மொழிபெயர்க்கிற பிள்ளை,
சுற்றாத மின்விசிறி.
சங்கத்தின் கோப்புகள் எல்லாம் எரிந்தன என்றுதான் நினைத்திருந்தேன்.
ஒன்று தப்பியிருக்கலாம்.
தப்பாமலும் இருக்கலாம்;
மூடிய மட்டையை விரலால் தட்டிக்கொண்டு
"பதினேழு?" என்று மட்டுமே கேட்டார்.

சொன்னேன்.
பீப்பா, காய்ந்த விரல், முப்பது நாள்.
பத்து நிமிடம் பிடித்திருக்கும்.
பிள்ளை சிங்களத்தில் மாற்றினாள்,
நாலே சொல்லில்.

அவர் கோபிக்கவில்லை.
எண்ணெய் சின்ன விசயம், பதினெட்டு வருடமாகிறது,
'ஆம்' போட்டிருந்தால்
கீழே விளக்கம் எழுத மூன்று வரி இடமிருந்ததே என்றார்.
சாவி கேட்டு வருகிறவரிடம்
பழைய களவைவிடப்
போன மாதப் பொய்தான் பாரம்.
சரிதான்.
அந்தக் கதிரையில் நான் இருந்தாலும்
எனக்குச் சாவி தரமாட்டேன்.

எழும்பப் போனேன். இன்னொரு தாளைத் திருப்பினார்.
செவ்வாய்க்கிழமை எடுத்த வாக்குமூலம்:
'அவ சங்கத்தில இருந்து தானாத்தான் விலகினவ.
ஒரு பிழையும் இல்லை.'
அடியில் அந்த வால் நீண்ட கையெழுத்து,
முன்பு என் பதிவேட்டின் ஓரத்தில்
நாளுக்கொன்றாய் விழுந்தது.

அதிகாரி அதற்குப் பக்கத்தில்
சிவப்புப் பேனையால் ஏதோ சின்னதாய்க் குறித்தார்.
அது எங்கள் இருவரில் ஆருக்கான குறிப்பென்று
அந்தப் பிள்ளையைக் கேட்க நாக்கு வரவில்லை.

முள்ளியவளை தாண்டும்போது போன் அடித்தது.
"என்ன மாதிரி அக்கா?
நான் நல்லாத்தான் சொல்லியிருக்கிறன்."
பஸ் இரைச்சல். சிக்னல் விட்டுவிட்டு வந்தது.
கேக்கேல்லை தம்பி என்றேன்.

கேட்டது.