பெறுநர் பெயர் தெளிவில்லை

அழகர் மலையில்
நூபுர கங்கைக்கு ஏறும் தார்ச்சாலையின் மூன்றாம் வளைவு.
குரங்குகளுக்குப் பொரி விற்கும் பெண்
கடை விரிக்கும் முன்பே வந்துவிட வேண்டும்.
எட்டரை மணி வெயில்
மூங்கில் தூறுக்குள் ஒரு கையை விடும்.
அந்த ஒரு கை அகலத்தில்தான்
அது உட்காரும்.

கட்டைவிரல் நகமளவு.
முருங்கைப் பட்டை நிறம் என்று எழுதி
அடித்துவிட்டு
புளியங்கொட்டைத் தோல் என்று எழுதினேன்.

“அந்துப்பூச்சி சார் அது” என்கிறார் சாந்தாராம்.
தல்லாகுளம் தபால் ஆபீஸில் எனக்குப் பக்கத்து நாற்காலி,
ஞாயிறானால் என் வண்டியில் பின் இருக்கை,
இட்லிப் பொட்டலம் அவர் பொறுப்பு.
உணர்கொம்பின் நுனியைப் பாருங்கள்,
தூண்டில் முள்ளாய் வளைகிறதா? தாவி இனம்.
வெயில் காய
பின்சிறகை விரித்து முன்சிறகைப் பாதி தூக்கி
கிளம்ப மனமில்லாத விமானம் போல இருக்கும்.
பறப்பதைப் பார்க்க முடியாது.
இருந்த இடத்தில் இல்லாமல் போகும், அவ்வளவுதான்.

“சரி, எந்தத் தாவி?”

அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.
கையேட்டில் நான்கு பக்கம் பழுப்பு.
வித்தியாசமெல்லாம் பின்சிறகின் அடியில்,
வெள்ளைப் புள்ளி மூன்றா நான்கா என்பதில்.

ஐப்பசி மழை விட்ட ஒரு ஞாயிறு
காமிராவைத் தூக்கிய மணிக்கட்டில்,
கடிகார வாரின் உப்பைத் தேடி
அதுவே வந்து உட்கார்ந்தது.
படம் எடுக்க வேண்டிய கை
கிளையாகிவிட்டது.
வயிற்றை வளைத்து ஒரு சொட்டு விட்டு
அந்த ஈரத்தையே உறிஞ்சியது.
“ச்சீ” என்றார் சாந்தாராம், வாய் நிறைய இட்லியோடு.
எண்ணினேன்.
ஒன்று. இரண்டு. மூன்று.
நான்காவது, புள்ளியா தூசியா என்று
மூச்சு விட்டுவிட்டேன்.

நோட்டில் பெயருக்கு நேரே கேள்விக்குறி.
மற்றதெல்லாம் இருக்கிறது:
மூங்கில் தூறு, அடியில் அகலப் புல்,
சுருட்டித் தைத்த இலை இரண்டு,
கல்லிடுக்கில் கசிவு,
தரையிலிருந்து முழங்கால் உயரம்,
ஒன்பதேகால் வரை வெயில்,
பொரிக்கடைக்கு எதிர்ப்புறம்.

இருபத்தாறு வருடம் கடிதம் பிரித்தவன் நான்.
மழையில் பெயர் கரைந்து
கதவு எண் மட்டும் மிஞ்சிய உறைகள்
எப்படியோ போய்ச் சேர்ந்துவிடும்.
பெயர் மட்டும் மிஞ்சியவைதான்
திரும்பி வரும்.

போன வாரம் போனோம்.
சாலையை அகலமாக்க
மூன்றாம் வளைவில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள்,
தூறுக்கு அந்தப் பக்கமாக.
சாந்தாராம் செருப்புக் காலால்
தேய்த்துப் பார்த்தார்.