பத்தாவது ரீபவுண்ட்

கை தட்டக் கூடாத வேலை என்னுடையது.
உத்தேனா நகரத்து உள்ளரங்கில்
நடுக்கோட்டை ஒட்டி ஒரு மேசை, ஒரு தாள்,
சிவப்பிலும் நீலத்திலும் ஒவ்வொரு பேனா,
வாய்க்குப் பூட்டு.
ஊரே எழுந்து நின்று கத்தும்போது
நான் குனிந்து எழுதுவேன்:
ஏழாம் எண், இரண்டு புள்ளி.

ஏழாம் எண் ஸ்கிர்மந்தாஸ் ஜ்விர்ப்லிஸ்.
வயது பதினாறு.
இரண்டு மீட்டருக்கு மூன்று சென்டிமீட்டர் குறைவு.
ஜ்விர்ப்லிஸ் என்றால் எங்கள் மொழியில் சிட்டுக்குருவி.
உள்ளூர்ப் பத்திரிகை அவனைப் பருந்து என்றது.
பல் மருத்துவர் அவனிடம் காசு வாங்கவில்லை.
டயர் கடை அல்பினாஸ் தன் சுவர் முழுக்க
ஓர் ஆள் உயரத்துக்கு ஏழு என்று வரைந்தார்.
வேலித் தகராறில் ஒன்பது வருடம் பேசாதிருந்த இருவர்
பெட்ரோல் பங்கில்
அவன் இடது கையைப் பற்றிப் பேசினார்கள்.

விளையும் பயிர் முளையிலே தெரியுமாம்.
இவர்கள் முளையைப் பார்த்தே
அறுவடைக்கு விலை பேசி
முன்பணமும் வாங்கிவிட்டிருந்தார்கள்.

அந்தப் பிப்ரவரி இரவு
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு.
மூன்றாம் வரிசையில், கோட்டைக் கழற்றாமல்,
மட்ரிட்டிலிருந்து வந்த ஒருவர்.
பையனுக்கு இருபத்திரண்டு புள்ளி, பதினொரு அசிஸ்ட்,
ஒன்பது ரீபவுண்ட்.
இன்னும் ஒன்று வேண்டும்.
அரங்கம் முழுக்கக் கணக்குத் தெரியும்.
இருக்கிறது நாற்பது வினாடி.

மூலையிலிருந்து எறிந்த பந்து வளையத்தில் இடித்துத் திரும்பியது.
இரண்டு கைகள் எழுந்தன.
பந்தைப் பிடித்தவன் தவுத்ரிமாஸ், பதினான்காம் எண்.
ஸ்கிர்மந்தாஸின் நகம் பட்டது.
பட்டிருக்கலாம்.
ஊர் என் பேனாவைப் பார்த்தது.
ஏழு என்று எழுதினேன்.

மறுநாள் தலைப்புச் செய்தி.
மறு மாதம் ஒப்பந்தம்.
அவன் அம்மாவுக்குப் புதிய அடுப்பு.

பிறகு ஒன்றும் நடக்கவில்லை.
முழங்கால் உடையவில்லை, குடிக்கவில்லை,
கெட்ட சகவாசமும் இல்லை.
மற்ற பையன்கள் வளர்ந்தார்கள், அவ்வளவுதான்.
மட்ரிட், பிறகு ஓஸ்ட்ராவா, பிறகு வென்ட்ஸ்பில்ஸ்:
சட்டை எண் மட்டும் பெரிதாகிக்கொண்டே போனது,
ஏழு, பதினேழு, முப்பத்தொன்று.
ஏமாற்றிவிட்டான் என்றார்கள் இங்கே,
கடன் வாங்கிக்கொண்டு ஓடியவனைச் சொல்வதுபோல.
அல்பினாஸ் சுவருக்கு வெள்ளையடித்தார்.
மழை நனைத்தால் ஏழு இன்னும் தெரிகிறது.

இருபத்தெட்டு வயதில் திரும்பி வந்திருக்கிறான்.
ஆட்டத்துக்கு ஆறு நிமிடம்.
அடுத்தவன் எறிவதற்காகக்
குறுக்கே போய்ச் சுவராக நிற்கிறான்,
இடி வாங்குகிறான், எழுந்து நகர்கிறான்.
என் தாளில் அதற்குக் கட்டம் இல்லை.
அவன் வரிசையில் சுழி, சுழி, சுழி.
இப்படி நன்றாக ஆடி நான் அவனைப் பார்த்ததே இல்லை.

போன மாதம், விளக்குகளை அணைக்கும் நேரம்,
பையைத் தோளில் போட்டபடி மேசைக்கு வந்தான்.
'அந்தப் பத்தாவது என்னுடையதில்லை' என்றான்.
'தெரியும்.'
'அன்றைக்கே திருத்துவீர்களென்று நினைத்தேன்.
உங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.'
நான் அவனைத்தவிர எல்லாரையும் பார்த்திருக்கிறேன்.
கதவு வரை போனவன் திரும்பி,
'அம்மாவின் அடுப்பு இன்னும் எரிகிறது' என்றான்.
கேலியா, நன்றியா, பிடிபடவில்லை.

இப்போது ஒரு பதினைந்து வயதுக்காரன் வந்திருக்கிறான்.
அல்பினாஸ் பெயின்ட் வாங்கிவிட்டதாகக் கேள்வி.

போன வியாழன் என் வீட்டுக் கொதிகலனைச் சரிசெய்ய
வந்தவன் தவுத்ரிமாஸ்.
ஸ்பேனரைத் துடைத்தபடி அந்த ஆட்டத்தை அவனே எடுத்தான்:
பேப்பரெல்லாம் ஸ்கிர்மந்தாஸ், சரி,
அன்றைக்கு எனக்கும் ஐந்து ரீபவுண்ட்.

தாளில் நான்கு.

ஒவ்வொன்றாக விரல் மடக்கிச் சொன்னான்,
எந்தக் கூடையடியில், யார் தலைக்கு மேலே.
ஐந்தாவதில் கட்டைவிரலை மடக்கி
என்னைப் பார்த்தான்.

ஆமாம், ஐந்து, என்றேன்.