செடி மட்டும்

பாத்திமுத்து போனில் சொன்னது இவ்வளவுதான்:
"வீடு பூராவும் கரப்பான். வந்து அடிச்சிட்டுப் போங்க."
எந்தக் கரப்பான் என்று கேட்டேன்.
"அதுல என்னய்யா ரகம்? மாங்காயா?"

ஆரியங்காவிலிருந்து பஸ் ஏறினேன்.
கணவாய்க்குள் புகுந்த சாரல்
எனக்கு முன்பே புளியரையில் இறங்கி
அவள் வாசலை நனைத்திருந்தது.
தோளில் தெளிப்பான்.
சட்டைப்பையில் லென்ஸ், ஒரு ஜாம் பாட்டில்.
பார்க்காமல் அடிப்பவன் இல்லை நான்.
அதனால்தான் சம்பாதிக்கவும் இல்லை.

குளியலறைச் சல்லடையை நெம்பியதும்
இரண்டு விரற்கடை நீளத்தில் ஒன்று,
தேங்காய் வெல்ல நிறம்,
கழுத்து மூடியில் மங்கல் மஞ்சள் வளையம்.
"இது சாக்கடைல குடியிருக்கது.
ராத்திரி மட்டும் மேல வரும்.
ஓட்டைக்கு வலை கட்டுங்க, போதும்."
மருந்து அடிக்காத மருந்துக்காரனை
அவள் ஏற இறங்கப் பார்த்தாள்.

பிரிட்ஜுக்குப் பின்னால், மோட்டார்ச் சூட்டில்,
சுண்டுவிரல் நகம் அளவில் ஒரு கூட்டம்.
கழுத்தில் இரண்டு கறுப்புக் கோடு,
நோட்டில் ரூல் போட்ட மாதிரி.
ஒருத்தி வால்நுனியில் முட்டைப்பையைச் சுமந்தபடி
லென்ஸுக்குள் வந்து நின்றாள்.
"சமீபத்துல புனலூர் போய் ஏதாச்சும் வாங்கினீங்களா?"
"மிக்ஸி. ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"
"அட்டைப்பெட்டி இன்னும் பரண்ல கெடக்கும்."
கிடந்தது.
இங்கே மட்டும் பசை மருந்து வைத்தேன்,
கடுகு கடுகாக, எட்டு இடத்தில்.

"அது கெடக்கட்டும், தொட்டியப் பாருங்க" என்றாள்.
கொல்லையில் நாற்பது ஆந்தூரியம்,
கொல்லத்து வியாபாரி சொல்லிவைத்தவை.
ஒரு தொட்டியைச் சாய்த்துத் தட்டினேன்.
கருத்த தலை, தவிட்டு இறகு,
வெளிச்சம் பட்டதும் ஓடவில்லை,
மண்ணைத் தோண்டி உள்ளே போனது.
"அடுப்படிக்கு வராது இது.
இதுல ஆணே கெடையாது.
பொண்ணு பொண்ணையே பெறும்,
அது இன்னொரு பொண்ண."

பாத்திமுத்து குந்தி உட்கார்ந்தாள்.
தெருவைப் பார்த்தாள்.
ஒருவர் தம்மாமில், ஒருவர் ஷார்ஜாவில்,
அவளுடையவர் மூன்று வருஷமாக மஸ்கட்டில்.
"அப்ப நம்ம தெரு மாதிரின்னு சொல்லுங்க"
என்று ஆரம்பித்த சிரிப்பு
தாவணி மடிப்பால் வாயை மூடிய பிறகும்
தோளில் நின்று குலுங்கியது.
"வேரக் கடிக்குமா?"
"கொஞ்சம்."
"கொஞ்சம்னா?"
எனக்குத் தெரியவில்லை. சொன்னேன்.

பலாச் சருகை அவளே கிளறினாள்.
கறுப்பு முதுகில் ஏழு வெள்ளைப் புள்ளி,
மை காயாத கோலம் போல ஒன்று
மெதுவாக நகர்ந்தது.
"இது பொறிவண்டுல்லா?"
"இதுவும் கரப்பான்தான்."
"பொய் சொல்லாதீங்க."
பாட்டிலில் பிடித்துக் கையில் கொடுத்தேன்.
செருப்பெடுத்து அடிக்கும் கை அது,
வாசல்படியில் அதன் தடம் பார்த்தேன்.
இப்போது பாட்டிலைத் திருப்பித் திருப்பி
புள்ளிகளை எண்ணிக்கொண்டிருந்தது.
திரும்பச் சருகில் விட்டபோது
எதுவும் பேசவில்லை.

நூற்றைம்பது கேட்டேன்.
நூறும் ஒரு ஆந்தூரியமும் தந்தாள்,
சாய்த்த அதே தொட்டி.

திரும்பும் பஸ்ஸில் மடியில் செடி.
செக்போஸ்ட்டில் எக்சைஸ்காரர் ஏறி
தெளிப்பானை மோந்து முகம் சுளித்தார்.
குனிந்து இலையை விலக்கினார்.
"செடி மாத்ரமாணோ?"

மண்ணிலிருந்து ஒரு மீசை
மயிரிழை உயரம் எழும்பி
கேரளக் காற்றை மோந்தது.

"செடி மாத்ரம் சாரே" என்றேன்.